செய்தி தாமதமாய்ச் சேரும் இதயம்

பொறுமை என்னும் அருங்குணம் சிலருக்குத் தாய்ப்பாலோடு வருவது. எங்கள் லிஃப்ட் மெக்கானிக்கிற்கோ அது நாற்பத்தேழாம் வயதில், வேறொருவரின் இதயத்தோடு வந்து சேர்ந்தது. வந்த குணத்தை அவர் உடனே வரவேற்றார் என்று நான் எழுதினால், அவர் மனைவியே இப்பக்கத்தைக் கிழித்துப் போடுவார்.

உடன் பணிபுரிந்தோர் அவருக்கு இட்ட பெயர் புயல். ஊராரை நின்ற நிலையிலேயே உயரே அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் படியேறும் தொழில் அவருடையது. லிஃப்ட் ஓடாத கட்டடத்திற்குத்தானே அழைப்பு வரும். பழுது பார்க்கும் இயந்திர அறையோ மொட்டைமாடிக்கு மேல் இருக்கும். கருவிப் பையைத் தோளில் மாட்டி, இரண்டிரண்டு படிகளாகத் தாவுவார். அத்தகையவர், செருப்பு வாரை இழுத்து மாட்டவே மூச்சு வாங்கும் நிலைக்கு வந்தார். இதயத்தின் தசை தளர்ந்துவிட்டது. மாற்று இதயம் பொருத்தினார்கள்.

பதினான்கு மாதங்கள் கழிந்தன. காலை எட்டு, இரவு எட்டு என்று மாத்திரை தவறியதில்லை. புதிய இதயம் செவ்வையாகச் சுருங்கி விரிகிறது என்றது எக்கோ அறிக்கை. அதோடு வாழ்க்கைத் தரம் குறித்த படிவம் ஒன்றையும் நிரப்பச் சொன்னார்கள். 'யாருக்கும் பயனில்லாதவர் என்று உங்களுக்குத் தோன்றியதா?' என்பது ஒரு கேள்வி. 'ஒருபோதும் இல்லை' என்று குறியிட்டார். மனைவி எட்டிப் பார்த்தார்.

"வீட்டுல ஃபேன்கூட சுத்துது, நான்தான் சும்மா கிடக்கறேன்னு நேத்து யாரு சொன்னது?"

"அது ஃபேனைப் பத்திச் சொன்னது."

"அழிச்சிட்டு ஒழுங்கா போடுங்க."

அழித்தார்.

அவ்வீட்டில் மற்றொரு விந்தையும் நிகழ்ந்துகொண்டிருந்தது. மனைவி கடிந்து பேசும்போது அவர் நாடி அசையாது. சண்டை ஓய்ந்து, சமாதானமாகி, இருவரும் தேநீர் அருந்தும் வேளையில் படபடவென்று அடித்துக்கொள்ளும்.

"இப்ப எதுக்குங்க படபடப்பு?"

"நீ திட்டினது இப்பதான் போய்ச் சேர்ந்திருக்கு."

நகைப்புக்குச் சொன்னதாயினும் அது மெய். மாற்றும்போது இதயத்தின் நரம்புகள் அறுபடுகின்றன. விரைந்து துடி என்னும் ஆணை அதன்பின் குருதியில் கலந்து, சில நிமிடங்கள் பயணம் செய்தே இதயத்தை அடைகிறது. தணியும் ஆணையும் அவ்வாறே. ஆகவே எவ்வேலைக்கும் முன்பு பத்து நிமிடம் மெல்ல நடந்து இதயத்தை ஆயத்தம் செய்ய வேண்டும் என்று உடற்பயிற்சி அளிக்கும் பிசியோ அம்மையார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். புயலின் காதில் அது ஏறவில்லை.

மருத்துவர் வேலைக்கு ஒப்புதல் தந்ததும் நிறுவனத்திற்குப் போனார். அங்கிருந்த மேற்பார்வையாளர் வயதில் இளையவர். புயலிடமே தொழில் பயின்றவர். ஒன்பது மாடி ஏறிக் காட்டினால் பழைய வேலை, இல்லையேல் உதிரிபாகக் கிடங்கில் நாற்காலி என்பது ஏற்பாடு. கிடங்கில் அமர்ந்து திருகாணி எண்ணுவதை அவரால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

குறித்த நாளில் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றின் கீழே பழைய நண்பர்கள் கூடி நின்றார்கள். அத்தனை கண்களுக்கு முன்னால் நோயாளியைப் போல் முன்னும் பின்னும் நடப்பதா என்ற வெட்கம் அவரைத் தின்றது. எடுத்த எடுப்பில் இரண்டிரண்டு படிகளாகத் தாவினார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் கெண்டைக்கால்கள் கல்லாயின, கண் இருண்டது, அமர்ந்துவிட்டார். இதயம் அப்போதுதான் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது.

மேற்பார்வையாளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "கிடங்குதான் அண்ணே உங்களுக்கு நல்லது."

செய்தி பிசியோ அம்மையாருக்கு எட்டியது.

"முன்னாடி நடந்தீங்களா?"

"எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்கம்மா."

"இதயத்துக்கு மருந்து இருக்கு சார். வெட்கத்துக்கு எங்ககிட்ட இல்ல."

மனைவி அன்றே மேற்பார்வையாளரை அழைத்தார். "இன்னொரு தடவை ஏற விடுங்க தம்பி. பத்து நிமிஷம் கீழே நடப்பாரு. யாரும் சிரிக்கக் கூடாது. சிரிக்கணும்னா நான் இருக்கேன்."

அடுத்த வாரம், அதே கட்டடத்தின் வாகனங்கள் நிறுத்துமிடத்தில் அவர் நடைபோடுவதைக் கண்ட காவலாளி, "யாரைத் தேடறீங்க?" என்று வினவினார்.

"இதயத்துக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன். வந்ததும் கிளம்பிடுவேன்."

பின்பு கருவிப் பையைத் தோளில் மாட்டி, படிக்கு ஒரு காலாக ஏறத் தொடங்கினார். பின்தொடர்ந்த மேற்பார்வையாளர் முதல் மூன்று மாடிகளில் கொட்டாவி விட்டார். ஆறாம் மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் நின்னு போவோமா அண்ணே?"

"நீங்க நில்லுங்க தம்பி. எனக்கு இப்பதான் வேகம் பிடிச்சிருக்கு."

ஒன்பதாம் மாடியையும் கடந்து இயந்திர அறைக் கதவைத் திறந்தார். எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. குனிந்து, பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்ந்த மேற்பார்வையாளருக்குப் பிரேக் பட்டை தேய்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். மொட்டைமாடியில் மெதுவாக நடந்து துடிப்பைத் தணித்துக்கொண்டார். அவர் சொல்லாமலே மேற்பார்வையாளரும் உடன் நடந்தார்.

"திங்கக்கிழமை வந்துடுங்க அண்ணே. ஆனா தனியா அனுப்ப மாட்டேன். பையை வேற ஆள் தூக்கட்டும்."

பழைய புயலாயிருந்தால் அச்சொல்லுக்குச் சீறியிருக்கும். அவர் சற்று யோசித்து, பையைத் தோளிலிருந்து இறக்கி மேற்பார்வையாளர் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார்.

அவரும், அவரைப் பொய் எழுதவிடாத மனைவியும் பல்லாண்டு இனிது வாழ்க. ஆறாத் துயரின் நடுவிலும் ஓர் இதயத்தை ஈந்த, முகமறியாக் குடும்பமும் ஆறுதல் எய்துக. குறையாத இறையருள் அவ்வில்லத்தில் என்றும் தங்குக.