கல்லுக்குப் பின்னால் நின்ற வரிசை

தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி லொறிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தபோது, முன்பு என்னோடு வேலை செய்த சோமபாலவின் அழைப்பு வந்தது. "நானா, மிஸ் நெத்தி வுனா" என்றான். சாவைச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள், இல்லாமல் போய்விட்டார் என்று. எந்த மிஸ் என்று நான் கேட்கவில்லை. எங்கள் கொங்கிரீட் யாட்டில் வேலை செய்த எவருக்கும் ஒரே ஒரு மிஸ்தான். சாவுச் செய்திக்கு நாங்கள் சொல்லும் "இன்னாலில்லாஹி"யை வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிலோமினா மிஸ் கத்தோலிக்கர். காதில் விழுந்திருந்தால், "எனக்குமா நானா?" என்று கேட்டுச் சிரித்திருப்பார்.

அடக்கத்துக்கு முன் கோயிலில் பேசிய இளம் பங்குச் சுவாமி, மிஸ்ஸைச் சாந்தமே உருவானவர் என்றார். அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த சோமபாலவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டோம். மிஸ்ஸின் கோபத்தை அறிந்த உங்களில் பலரும் அப்படித்தான் குனிந்திருப்பீர்கள். வார்த்தெடுத்த தூணைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, "இத ஊத்தினது யாரு?" என்று அவர் கேட்டால் யாட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் தண்ணீர்த் தாகம் எடுத்து ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். நான்தான் அகப்படுவேன். யாட்டுக்குப் பொறுப்பு நான் அல்லவா?

மாத்தளைக்கும் நாலந்தாவுக்கும் நடுவே, ஏ நைன் வீதியோரம் இருந்தது எங்கள் யாட். குழாய், வேலித்தூண், மதகுக்குப் போடும் பலகை என்று வார்த்துக்கொண்டிருந்தோம். இஞ்சினியராக வந்த மிஸ் தன் மேசையை உள்ளறையிலிருந்து இழுத்துவந்து வீதி தெரியும் ஜன்னலோரம் போட்டுக்கொண்டார். தேநீர் நேரத்தில், தம்புள்ளைப் பக்கமிருந்து வரும் லொறிகளின் பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்து, மேலே மூடிய படங்குக்கு உள்ளே இருக்கும் சாமானைச் சொல்வார். "பூசணி நானா, பாருங்க, பூசணிதான்." சோமபால வீதிக்கு ஓடிப்போய் வெங்காயம் என்று கத்துவான். அநேகமாக மிஸ்தான் தோற்பார். தோற்ற பிறகும் லொறியில் பிழை என்பாரே தவிரத் தன் கணக்கில் பிழை என்று சொல்லமாட்டார். அந்த ஈரச் சீமெந்து வாசமும் பிளேன்டீயும் சிரிப்பும் எவ்வளவு நல்ல காலம் என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

நாட்டுக்கு என்னவோ அது நல்ல காலம் இல்லை. தொண்ணூறுகளின் கடைசி, யுத்த காலம். வெடிமருந்து ஏற்றிய லொறி எந்தக் கட்டிடத்தில் வந்து மோதுமோ என்ற பயம் நாடெங்கும் இருந்தது. எல்லா வாசலுக்கும் தடுப்புக் கல் கேட்டார்கள். மேலே ஒடுங்கி அடியில் அகன்ற, ஆள் இடுப்பளவு உயரமான கொங்கிரீட் கற்கள். மாத்தளை நகரில் ஓர் அலுவலகத்துக்கு நாங்களே வார்த்துக் கொடுத்தோம். சரிவாக இறங்கும் தெரு நேரே போய் முட்டும் இடத்தில் அதன் வாசல். கற்களை வரிசையாக இறக்கினோம், கையொப்பம் வாங்கினோம், வந்துவிட்டோம்.

மறு கிழமை அந்தப் பக்கம் போய்வந்த மிஸ் வீதியில் போகும் லொறிகளைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். பயந்துபோய் என்னவென்று கேட்டேன். பிறப்பு, இறப்புப் பத்திரங்களுக்காக இரத்தோட்டைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வரும் சனம், கற்களுக்கும் மதிலுக்கும் நடுவே, பெரிய மர நிழலில் வரிசையாக நிற்கிறதாம். எங்கள் கல்லில்தான் சாய்ந்து நிற்கிறார்களாம். அந்த வரிசையில் மிஸ்ஸின் அம்மாவும் நின்றிருக்கிறார். பையைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, "ஒன் கல்லு நல்லா குளுகுளுன்னு இருக்கு புள்ள" என்றாராம்.

"கல்லு லொறிய நிப்பாட்டும் நானா. ஆனா நிப்பாட்டுறப்ப கல்லும் நகரும். அது நகர்ற இடத்துலதான் அம்மா நிக்கிறாங்க."

அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தார். கற்களை வைத்தது கட்டிடத்தைக் காக்க, நீங்கள் விற்றவர்கள், உங்கள் வேலை முடிந்தது என்றார்கள். கடுதாசியில் கணக்குப் போட்டுக் காட்டினார். எவரும் பார்க்கவில்லை. அப்போதுதான் மோதிக் காட்டுவது என்று முடிவெடுத்தார். எங்கள் சிங்கள முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "அவங்க கல்லு கேட்டாங்க, நாம குடுத்தோம். இனி என்ன மிஸ்?" நானும் அவர் பக்கம்தான் பேசினேன். "சும்மா ஈக்கலாம்தானே மிஸ், இந்தக் காலத்துல இதெல்லாம் நமக்குத் தேவையா?" என்றேன். மிஸ் விட்டால்தானே? கடைசியில் பழைய இரும்பு விலைக்குப் போட வைத்திருந்த பழைய லொறியை முதலாளி கொடுத்தார்.

இரத்தோட்டைக்குக் கீழே, தோட்டம் கைவிட்ட ஒரு சரிவுப் பாதை. லொறியில் மணல் மூட்டைகளை ஏற்றி, சுக்கானைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, சில்லுக்கு அடியில் கட்டை வைத்தோம். சோமபால கட்டையைத் தட்டிவிட, ஆளில்லாத லொறி இறங்கியது. கற்கள் தனித்தனியாக நின்றன. மோதிய கல் கதவு திறப்பதுபோல் ஒரு பக்கம் திரும்பிக்கொள்ள, லொறி அந்த வழியாகப் புகுந்து கொய்யாப் புதருக்குள் போய் நின்றது. மிஸ்ஸின் முகத்தில் ஈயாடவில்லை. கல்லுக்குக் கல் இரும்பு ஊசி போட்டுக் கோத்து, தடித்த கம்பிவடம் ஓட்ட வேண்டும் என்றார். ஒரு கல்லில் மோதினால் மற்றக் கற்களின் பாரத்தையும் சேர்த்து இழுத்தால்தான் லொறி நகர முடியும், அதற்குள் அதன் வேகம் போய்விடும் என்று விளக்கினார். லொறியைச் சோமபால ஒட்டுப்போட்டு எடுத்தான். மிஸ் இன்னொரு வேலையும் செய்தார். வரிசை நிற்கும் அதே தூரத்தில், கற்களுக்குப் பின்னால், வெறும் தார்ப் பீப்பாய்களை நிறுத்திவைத்தார்.

இரண்டாம் முறை கட்டையைத் தட்டுவதற்குள் பொலிஸ் ஜீப் வந்துவிட்டது. பொலிஸுக்கு மிஸ் சொல்லியிருப்பார் என்று முதலாளி நினைத்திருந்தார். முதலாளி சொல்லியிருப்பார் என்று மிஸ் நினைத்திருந்தார். மூட்டை ஏற்றிய லொறி, தடுப்புக் கல், ஒரு தமிழ்ப் பொம்பிளை, தாடி வைத்த நான். யாரோ தகவல் கொடுத்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? எங்களை மண்ணில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்து மணலைக் கொட்டினார்கள். சோமபால சிங்களத்தில் மன்றாடினான். அன்று பிடித்துக்கொண்டு போனால் மிஸ் எத்தனை வருடம் உள்ளே இருப்பார் என்று சொல்ல யாராலும் முடியாது. எனக்கு மனதுக்குள் கலிமா ஓடிக்கொண்டிருந்தது. மிஸ்ஸும் பயந்து வாய்க்குள் ஜெபித்துக்கொண்டிருந்தார், பார்த்தேன்.

அதிகாரி ஒருவர் வந்தார். களைத்துப்போன மனிதர். மிஸ் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, அந்த அலுவலகத்துக் காவலும் தன் பொறுப்புத்தான் என்றார். அவ்வளவுதான், மிஸ்ஸின் பயம் எங்கே போனதோ தெரியவில்லை.

"அப்போ சேர், நீங்கள் அந்தப் பீப்பாய்கள் இருக்கும் இடத்தில் நில்லுங்கள். நாங்கள் லொறியை விடுகிறோம்."

அவர் சிரித்தார். மிஸ் சிரிக்கவில்லை. அதிகாரி மெல்ல மேட்டின் மேலே ஏறி நின்றுகொண்டார்.

"நீங்கள் நிற்க மாட்டாத இடத்தில்தான் எங்கள் அம்மாமார் நிற்கிறார்கள்" என்றார் மிஸ்.

அவர்களுடைய ஆட்களே மணலை மறுபடி மூட்டையில் அள்ளி ஏற்றினார்கள். லொறி இறங்கியது. மோதிய சத்தத்தில் மரத்திலிருந்த காகமெல்லாம் எழும்பின. முன்சில்லுகள் கல்லின் சரிவில் ஏறப் பார்த்தன, மூக்கு நசுங்கியது, மூட்டைகள் முன்னால் பறந்து வெடித்தன. கல் வரிசை வில்லாக வளைந்து, தரையைப் பிறாண்டிக்கொண்டு பின்னால் போய், லொறியைப் பிடித்து நிறுத்திவிட்டது. முதலாளி கை தட்டினார். நானும் தட்டினேன். எங்கள் கல் லொறியை நிறுத்தியது பெருமையாக இராதா? மிஸ் மட்டும் புழுதிக்குள் நடந்து போய்ப் பீப்பாய்கள் பக்கம் நின்றார். ஒரு பீப்பாய்கூடப் பழைய உருவத்தில் இல்லை, எல்லாம் நசுங்கிக் கிடந்தன. அதிகாரியும் இறங்கி வந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

அவர் உத்தரவில் அந்தக் கிழமையே வாசல் கற்களையும் ஊசியும் வடமும் போட்டுக் கோத்தோம், வரிசை பக்கத்து மதிலோரம் மாறியது. தெருவுக்கு நேரே இல்லாத இடம், ஆனால் மொட்டை வெயில். சனம் ஏசாத ஏச்சு இல்லை. மிஸ்ஸின் அம்மாவே வீட்டில் ஏசினாராம், "நெழல்ல நின்ன சனத்த வெயிலுக்குத் தள்ளிட்டியேடி" என்று. மிஸ் கூரை போட்டுத் தரச் சொல்லி அலைந்தார். நடக்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு காலை, பிரேக் விட்டுப்போன மரக்கறி லொறி ஒன்று அந்தச் சரிவில் இறங்கியது. கேள்விப்பட்டு மிஸ்ஸும் நானும் ஓடினோம். எங்கள் கற்கள் வளைந்து போய் மரத்தடியில் முட்டி நின்றன. சாரதிக்குக் கால் முறிந்திருந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை. முன்பு வரிசை நின்ற இடம் முழுக்கக் கத்தரிக்காயும் கண்ணாடித் தூளும். மிஸ் அதைப் பார்த்தபடி நின்றார். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

வரிசை கலையவில்லை. பத்திரம் கொடுக்கும் கருமபீடம் திறக்கும் என்று மதிலோரம் அப்படியே நின்றது. இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண், எங்களை அலுவலகத்து ஆட்கள் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"லொறி மோதினா எங்களுக்கென்னங்க? விடியக்காலையில இருந்து வெயில்ல காயிறோம். புள்ளயப் பாருங்க, மொகமெல்லாம் செவந்திருச்சு. எங்கள இங்க நிக்க வச்சவங்க நல்லா இருப்பாங்களா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில், "தங்கச்சி, ஒங்களுக்கு ஒண்டும் தெரியா" என்று ஆரம்பித்தேன். மிஸ் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அந்தப் பெண்ணிடம், "மன்னிச்சிருங்க தங்கச்சி" என்றார். குடையை விரித்துப் பிள்ளையின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். அவள் நிறுத்தவில்லை, இன்னும் ஏசினாள். மிஸ் என் பக்கம் திரும்பினார்.

"விடுங்க நானா. ஏசுறதுக்கு ஆள் உயிரோட இருக்கே."

மிஸ்ஸைப் பற்றி ஒற்றுமை, சகவாழ்வு என்றெல்லாம் இனிப் பேசுவார்கள். பேசட்டும். என்னிடம் இருப்பது அந்தப் பெண்ணின் ஏச்சுத்தான். இன்றும் வெயிலில் நிற்கும் ஒரு வரிசையில் யாராவது உரத்து ஏசினால், எனக்கு எந்த அவசரம் இருந்தாலும் நின்று, அவர்கள் ஏசி முடிக்கும்வரை கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.