நாற்பத்து மூன்று வரிகள்

அலுவலகத்தில் அவளுக்குக் 'கறார் அக்கா' என்று பெயர். நேரில் வெறும் அக்கா. சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் மையங்களில், யாருக்கு எந்த நாள், எந்த இயந்திரம் என்று முறை ஒதுக்கும் மென்பொருள் எழுதும் கம்பெனி அது. ஒன்பது பேர், ஓர் அறை, ஒழுகும் ஏசிக்குக் கீழே ஒரு வாளி.

அக்காவிடம் ஒரு பிடிவாதம். தன் நிரலில் 'பொருள்' என்று இருக்கும் எந்தத் தகவல் தொகுப்பையும் கணினி அச்சிட்டுக் காட்டினால், அந்த வரியை அப்படியே நிரலில் ஒட்டி ஓட்டும்போது அதே பொருள் மறுபடி எழுந்து வர வேண்டும். முறை(நோயாளி=17, நாள்="செவ்வாய்", மணி=9, இயந்திரம்=3) என்று அவள் எழுதியது எல்லாவற்றையும் சொல்லிவிடும். மற்றவர்கள் எழுதியவை, 'ஏதோ ஒரு பொருள், நினைவகத்தில் இன்ன இடம்' என்பதோடு வாயை மூடிக்கொள்ளும். கதவைத் தட்டியவரிடம் யாரென்று கேட்டால், "ஆள்தான்" என்று பதில் வருகிற மாதிரி.

மேலாளருக்கு அக்காவைவிட வயது பத்து குறைவு, தன்னம்பிக்கை பத்து மடங்கு அதிகம். வாடிக்கையாளர் கண்ணில் படாத வேலைக்கு இவ்வளவு நேரமா என்று கேட்டார். வேகம் போதாது என்று, மாதக் கடைசியில் வேலையை விட்டு அனுப்பப்படுவோர் பட்டியலில் அவளைச் சேர்த்தார். பட்டியலில் வேறு யாரும் இல்லை. வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

அடுத்த செவ்வாய் காலை, மேலாளர் தன் கையாலேயே பழைய பதிவுகளைச் சுத்தம் செய்தார். செய்த சுத்தத்தில் அந்த வாரத்து முறைகள் நாற்பத்து மூன்றும் சேர்ந்து போயின. நகல் இருக்கிறதா என்றால், இடத்தை அடைக்கிறது என்று போன மாதம் அதையும் அவரேதான் நிறுத்தியிருந்தார். மையத்தில் நோயாளிகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அக்கா, நிரல் ஓடும்போது நடப்பதையெல்லாம் எழுதி வைக்கும் கோப்பைத் திறந்தாள். அச்சான வரிகள் நாற்பத்து மூன்றும் பத்திரமாக இருந்தன. எடுத்தாள், ஒட்டினாள், ஓட்டினாள். பதினேழாம் நோயாளி ஒன்பது மணிக்கு மூன்றாம் இயந்திரத்துக்குப் போனார்.

மேலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நல்லவேளை அக்கா. போறதுக்கு முன்னாடி எல்லாத்துக்கும் இதே மாதிரி எழுதி வச்சுட்டுப் போயிடுங்க" என்றார். என்ன ஒரு பெரிய மனசு.

"இருந்தா எழுதுறேன் தம்பி."

"பார்க்கலாம் அக்கா."

"பார்க்கலாம்னா? யாரு, என்ன வேலை, எந்தத் தேதியிலேருந்துன்னு முழுசா எழுதிக் கொடுங்க. நாளைக்கு நான் எடுத்துக் காட்டினா, இன்னிக்கு நீங்க சொன்னது அப்படியே வரணும்."

நெற்றியைத் துடைத்துக்கொண்டு மேலாளர், அவள் வேலையில் தொடர்கிறாள் என்று கடிதம் அடித்து அனுப்பினார். அக்கா பொறுமையாகப் படித்தாள். தேதி விட்டுப்போயிருக்கிறது என்று திருப்பி அனுப்பினாள்.