கை தூக்காத வகுப்பும் நானும்

பாடம் நடத்துவது சுலபம். நடத்தியது மண்டையில் ஏறியதா என்று கண்டுபிடிப்பதில்தான் வாத்தியார் பிழைப்பின் மொத்தத் தலைவலியும் இருக்கிறது. "புரிஞ்சுதா?" என்று கேட்டு, "புரிஞ்சுது டீச்சர்" என்ற கோரஸை நம்பி ஏமாந்த என் இனத்து ஆசிரியப் பெருமக்களே, இது உங்களுக்காகத்தான்.

நான் பழனிக்காரி. அடிவாரத்தில் கடை வைத்திருக்கும் குடும்பம். கொடைக்கானல் மலையில் பள்ளங்கிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியையாக மலையேறியபோது, மாணவர் கற்றதை அளக்கும் முறைகள் அத்தனையையும் பயிற்சி வகுப்பில் கரைத்துக் குடித்திருந்தேன். அந்தத் தெம்பு இன்றும் எனக்குக் குறையவில்லை.

தகப்பனார் வைத்த நிபந்தனை

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்போடு சரி. ஒன்பதுக்குக் கொடைக்கானல் டவுனுக்குப் போக வேண்டும். நான் சேர்ந்த புதிதில் எட்டாம் வகுப்பு சுகந்தியின் அப்பா முருகேசன் என்னைப் பார்க்க வந்தார். பூண்டும் கேரட்டும் போடுகிற விவசாயி. மகளை எட்டோடு நிறுத்தப் போவதாகச் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. அவள் மார்க்குகளை எடுத்துக் காட்டினேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை. "மார்க்கு நீங்க போடுறது டீச்சர். கேட்டதுக்குப் பதில் சொல்ல மாட்டேங்குறா, அவளுக்கு ஒண்ணும் வெளங்கல. ஏதோ தெரியுதுன்னு என் கண்ணுக்குக் காட்டுங்க, டவுனுக்கு அனுப்புறேன். இல்லேன்னா பூண்டுக் காட்டுல சோலி கெடக்கு."

தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்

இது என்ன பெரிய காரியம் என்று மறுநாளே களத்தில் இறங்கினேன். கேள்வி கேட்டு, தெரிந்தவர்கள் கை தூக்கச் சொன்னேன். பழனியில் கேள்வியை முடிக்கும் முன்பே கைகள் முளைத்துவிடும். இங்கே ஒரு கைகூட எழவில்லை. இன்னும் எளிதாக ஒன்று கேட்டேன். அதற்கும் இல்லை. ஒளிச்சேர்க்கையை முதலிலிருந்து மறுபடி நடத்தினேன். பிள்ளைகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம்தான் கவனித்தேன். அத்தனை பேரும் இரண்டு கைகளையும் ஸ்வெட்டருக்குள்ளே இழுத்து மார்போடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே வெறும் ஸ்வெட்டர் கைகள்தான் தொங்கின. ஏனென்று கேட்டதற்கு முதல் பெஞ்சு பிரபு சொன்னான்: "கையத் தூக்குனா குளிரு உள்ள பூந்துரும் டீச்சர். வாயால சொல்லச் சொல்லியிருந்தா அப்பவே சொல்லியிருப்போம்ல?"

வெளியேறும் சீட்டு

வாயால் சொல்லச் சொன்னேன். எல்லோரும் சொன்னார்கள், சுகந்தியைத் தவிர. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அசருவேனா? அடுத்த முறையை எடுத்தேன். வகுப்பை விட்டுப் போகும்போது, இன்று புரியாத ஒன்றைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பேச வெட்கப்படும் பிள்ளைகளுக்கு அருமையான வழி.

சாயங்காலம் சீட்டுகளைப் பிரித்தால் எல்லாவற்றிலும் "எல்லாம் புரிந்தது". சுகந்தியின் சீட்டிலும் அதேதான். மறுநாள் காலை, எல்லோருக்கும் எல்லாமே புரிவது நடக்கிற காரியமா என்று வகுப்பையே கேட்டேன். பிரபுதான் எழுந்தான். "புரியலன்னு எழுதுனா திரும்ப நடத்துவீங்க. பஸ்ஸு போயிரும். நீங்களும் அதே பஸ்லதான டீச்சர் செண்பகனூர்ல உங்க வீட்டுக்குப் போகணும்?"

ஒருவர் தாளை ஒருவர் திருத்துவது

இந்த முறையின் மேல் எனக்குத் தனி மோகம் உண்டு. அடுத்தவர் தவறைக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்குப் பாடம் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். சுகந்தியின் தாளைப் பிரபுவுக்கும், பிரபுவின் தாளைச் சுகந்திக்கும் கொடுத்தேன். பிரபு தாவரத்தின் வேரைத் தண்டுக்கு மேலே வரைந்திருந்தான். சுகந்தி அதற்கும் 'சரி' போட்டிருந்தாள்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. விவசாயி மகளுக்கு வேர் எங்கே இருக்கும் என்று தெரியாதா? தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். "தப்புன்னு தெரியும் டீச்சர். அவுக தோட்டத்தத் தாண்டித்தான் எங்களுக்கு வாய்க்கா தண்ணி வருது. தப்புப் போட்டா அடைச்சிருவாக."

கட்டைவிரல்

புரிந்தால் கட்டைவிரலை மேலே காட்டு, புரியாவிட்டால் கீழே காட்டு என்பது உலகமே மெச்சும் முறை. கையை வெளியே எடுக்க வேண்டும் என்பதால் ஒரு பாட்டம் கெஞ்சித்தான் சம்மதிக்க வைத்தேன். நீர்ச் சுழற்சி நடத்திவிட்டு, "எங்கே, காட்டுங்க பார்ப்போம்" என்ற நேரத்தில் திறந்த கதவு வழியாக மூடுபனி உள்ளே வந்துவிட்டது. கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். நடு பெஞ்சிலிருந்து அந்தப் பக்கம் வெறும் நிழல்தான் தெரிந்தது. எந்த விரல் மேலே, எந்த விரல் கீழே என்று யார் கண்டது?

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் சுகந்தி கேட்டாள்: "டீச்சர், மேகம் தண்ணின்னா, இப்ப அது வகுப்புக்குள்ளயே வந்துருச்சு. நாம ஏன் இன்னும் நனையல?"

தலைகீழ்த் தேர்வு

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பாடம் புரியாத பிள்ளையால் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. பதிலை வைத்து அளந்துகொண்டிருந்த நான் அன்றோடு அளவுகோலை மாற்றினேன். முருகேசனை வரச்சொல்லிக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். "இன்னைக்கு நான் எதுவும் கேட்க மாட்டேன். நீங்கதான் என்னைக் கேட்கணும்" என்று வகுப்பிடம் அறிவித்தேன். சுகந்தி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வகுப்பு முடியப் போகிறது. முருகேசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழப்போனார். இந்தப் பிள்ளையின் படிப்பு போச்சே என்று நினைத்தேன்.

அப்போது அவள் எழுந்தாள். "பூண்ட அடுப்புப் புகைக்கு மேல கட்டித் தொங்கவிட்டா அடுத்த வெதைப்பு வரைக்கும் கெடாம நிக்குது. கேரட்டு வாடிப்போகுது. ரெண்டும் மண்ணுக்குள்ளதான டீச்சர் வெளஞ்சுச்சு?" பூண்டுக்குக் காய்ந்த தோல் பல அடுக்கு, ஈரத்தை விடாது, கேரட்டுக்கு அது இல்லை என்றேன். அவள் உட்காரவில்லை. "அப்ப கேரட்டுக்கு நாமளே ஒரு தோலு மாதிரி எதையாச்சும் சுத்திவிட்டா?" என்றாள். செய்து பார்த்து எனக்கும் சொல் என்றேன்.

முருகேசன் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "வீட்டுலயும் இதே கததான் டீச்சர். ஏன், எதுக்குன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. ஒண்ணும் வெளங்காமத்தான் கேக்குறான்னு நெனச்சுட்டேன். இனி நம்மால ஆகாது, பதில் சொல்றவுக இருக்குற டவுன் பள்ளிக்கூடத்துலயே போய்க் கேக்கட்டும்."

ஆகவே சக ஆசிரியர்களே, கற்றலை அளக்க நாம் படித்த முறைகள் எல்லாமே நல்ல முறைகள்தான். மலையேறும்போது அவற்றுக்கும் ஒரு ஸ்வெட்டர் மாட்டிவிட வேண்டும், அவ்வளவே.