பாதி மடித்த படம்

ஆங்கிலப் பத்திரிகை ஒன்றிலிருந்து வெட்டிய படம் அது. தலையில் துணி சுற்றிய ஒரு பிரெஞ்சுப் பெண்மணி காபிக்கடை மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு ஆள். அந்த ஆள் இருக்கும் பாதியைப் பின்னால் மடித்துத்தான் அக்கா தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தாள். எழுபதுகளில் காஞ்சிபுரத்துப் பெண்கள் பள்ளியொன்றில் என்னோடு வேலை பார்த்த வரலாற்று ஆசிரியை அவள்; வயதில் மூத்தவள் என்பதால் அக்கா என்பேன். அந்த ஆள் மேல் கோபமா என்று ஒருமுறை கேட்டேன். "அவர் மேல எனக்கின்னாமா கோபம்? இவங்களைப் பாருங்கன்னா எல்லாரும் அவரையே பாக்குறாங்க" என்றாள்.

அது எவ்வளவு சரி என்று இலக்கிய மன்றக் கூட்டத்தில் தெரிந்தது. பெண்களின் நிலை பற்றி அந்தப் பெண்மணி எழுதிய தத்துவத்தை அக்கா மாணவிகளுக்குப் புரியும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும், படத்தில் பக்கத்தில் இருந்த அந்தப் பிரபல எழுத்தாளரும் மணம் செய்துகொள்ளாமலே தோழமையாக இருப்பதையும், ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துத் திருத்துவதையும் ஒரே வரியில் சொல்லிக் கடந்தாள். தாளாளர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்.

"கல்யாணம் இல்லாம ஒரு ஆளோட சுத்திக்கினு இருக்கிறவ கதை நம்ம பொண்ணுங்களுக்கு எதுக்குமா?"

அத்தனை பேர் முன்னால் கேட்டார். புத்தகம் எதைப் பற்றியது என்று கேட்க அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "சேலை உடல் ஒரு கலரு, கரை ஒரு கலருன்னா, ரெண்டையும் இணைச்சு நெய்யுற கோர்வை போட ரெண்டு பேர் வேணும் சார். எங்க வீட்ல அப்பாவும் அம்மாவும் ஒரே தறியில உக்காந்து போடுவாங்க. தறியிலருந்து சேலையை அறுத்து எடுத்துக்கினு போனா, அப்பா நெய்ததுன்னுதான் சொல்வாங்க. நீங்களும் அப்படித்தான் கேக்குறீங்க."

மறுவாரமே மன்றப் பொறுப்பைப் பிடுங்கித் தமிழய்யாவிடம் கொடுத்தார்கள். மேசையிலிருந்த படத்தையும் எடுக்கச் சொன்னார்கள். அக்கா அதை என் கையில் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

போன மாதம் அக்கா இறந்துபோனாள். அதே பள்ளிச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். மேலே பட்டுக்கடை முதலாளியான கணவரின் பெயர் கொட்டை எழுத்தில், அவர் வகித்த பதவிகள் எல்லாம் வரிசையாக. கீழே அக்கா படம், பொடி எழுத்தில் "துணைவியார்". அந்தச் சுவருக்கு உள்ளேதானே காலமெல்லாம் பாடம் நடத்தினாள்? அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

கைப்பையில் அந்தப் பழைய படம் இருந்தது. எடுத்துப் பார்த்தேன், அக்கா மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. போஸ்டரில் பசை இன்னும் ஈரம். மேல்பாதியை உரித்துப் பின்பக்கமாக மடித்து, சுவரோடு அழுத்தி ஒட்டினேன். "துணைவியார்" என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, வரலாற்று ஆசிரியை என்று எழுதினேன்.