நாலு கதவுத் தச்சுப் பட்டறை

ஆனைக்குட்டத்தில் ஊர்க்காவலன் என்பவர் தன் வீட்டுக் கொல்லையில் மரத்தாலேயே ஒரு தச்சுப் பட்டறை கட்டப்போவதாக அறிவித்தபோது, அவருக்குத் தச்சு தெரியாது என்பதை யாரும் ஒரு குறையாகச் சொல்லவில்லை. மூன்று வீடியோ பார்த்திருந்தார், போதாதா? பட்டாசுக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் ஃபோர்மேனாக இருந்து, கைகால் முழுசாக வெளியே வந்தவர். இனி நாற்காலி, கட்டில் செய்து பிழைப்பது, சரிப்படாவிட்டால் மறுபடி வெடிமருந்து கலக்கும் மருந்து ரூம் என்று மனைவி வேலுத்தாயிடம் சொல்லியிருந்தார். அவரை மறுபடி மருந்து ரூமுக்கு அனுப்ப அவளுக்கு மனசில்லை. அவளும் பலகை சுமந்தாள்.

இரண்டு மாதத்தில் வேப்பம்பலகையில் பட்டறை எழும்பியது. பார்க்க வந்தவர்கள் எது முன்பக்கம் என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நாலு பக்கமும் கதவு, எல்லாம் வெளியே திறப்பவை, ஒன்றிலும் தாழ்ப்பாள் இல்லை. இரும்பு ஆணி பொறி தட்டுமாம், எனவே எல்லாம் பித்தளை. கரண்டும் கிடையாது. வாசலுக்கு ஒரு மணல் வாளி. உளி மாட்டச் சுவரில் இடமில்லை. ஆசையாக வாங்கிய டிரில் மெஷின் அட்டைப்பெட்டியை விட்டு இறங்கவில்லை.

"ஏங்க, மரம் இழைக்க எதுக்கு நாலு வாசலு?" என்றாள் வேலுத்தாய்.

"அவசரம்னா ஓடணும்ல."

"யாருக்குப் பயந்து? நாற்காலிக்கா?"

ஊர்க்காவலன் மணல் வாளியை வாசலுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

வெடிமருந்து ரூமுக்குத்தான் நாலு கதவு வைப்பார்கள் என்று இந்தப் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். திருட்டுத்தனமாக வெடி செய்வதாக யாரோ ஒரு புண்ணியவான் மொட்டைக் கடுதாசி போட்டார். வெடிமருந்துச் சோதனை அதிகாரி நவநீதகிருஷ்ணன் சீல் வைக்கும் சாமான்களோடு வந்திறங்கினார். தோண்டித் துருவியும் மரத்தூள்தான் கிடைத்தது. ஆனாலும் அந்தக் கதவுகளை அவரால் நம்ப முடியவில்லை.

"மருந்து இல்லேன்னா உள்ள நின்னு ஒரு குச்சிய உரசச் சொல்லுங்க சார்" என்றார் பக்கத்து வீட்டுக் காசிராஜன், கடுதாசிக்கும் தமக்கும் சம்பந்தமே இல்லாத முகத்தோடு. அதிகாரி தைரியசாலி, பத்தடி பின்னால் போய் நின்றுகொண்டு, "உரசுங்க" என்றார்.

ஊர்க்காவலன் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். குச்சியை எடுக்காமல் நாலு கதவையும் விரியத் திறந்து வைத்தார். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு தீபாவளி சீசனில், லோடு அவசரம் என்று மருந்து ரூம் வாசலை மறித்துப் பெட்டிகளை அடுக்கச் சொன்னது ஃபோர்மேனாக இருந்த அவர்தான். அன்றைக்கு ரூமில் தீப்பிடித்தபோது உள்ளே இருந்த தொழிலாளி மாரிக்கண்ணன் வெளியே வரவில்லை. அதை ஊர்க்காவலன் யாரிடமும் பேசியதில்லை, வேலுத்தாயிடம்கூட.

"கதவத் திறந்து வைக்கிறாரு பாருங்க சார், உள்ள என்னமோ இருக்கு" என்றார் காசிராஜன். அதிகாரி சீல் சாமான்களை எடுத்தார்.

வேலுத்தாய் விறுவிறுவென்று உள்ளே போய்த் தீப்பெட்டியைப் பிடுங்கி உரசினாள். குச்சி பாதி எரிந்தது. ஊதி அணைத்துவிட்டுத் திரும்பினாள். புருசனைக் காணவில்லை. கிழக்கு வாசலுக்கு வெளியே மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு, "வெளிய வா, ஏத்தா, வெளிய வா!" என்று கத்திக்கொண்டிருந்தார். கண்ணில் நீர்.

ஊரே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை, சீல் வைக்காமல் ஜீப்பேறினார்.

வேலுத்தாய் தீப்பெட்டியை அவர் சட்டைப் பையில் போட்டாள்.

"மருந்து ரூமுக்குப் போறேம்னு இனிச் சொன்னீகன்னா, மொதல்ல இங்கன ஒரு குச்சிய உரசிட்டுப் போங்க."

அவர் தலையாட்டினார். வாளியை மட்டும் கீழே வைக்கவில்லை.