நான் மூடிய இரண்டு குழிகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கண்டியில் ஒரு மைதானத்தைப் பராமரிப்பது என் வேலை. ஊரோரத்து மஹய்யாவையிலிருந்து விடியும்போதே வந்துவிடுவேன். சம்பளம் கொடுப்பவர்கள் வெள்ளைக்காரத் துரைமார் என்றாலும், மைதானம் என்னுடையது என்றுதான் எனக்கு நினைப்பு. புல்லில் யாராவது குதியை அழுத்தி ஊன்றினாலே வயிறு எரியும்.

மாலைகளில் அங்கே ஒரு ஜெர்மன்காரர் ஓட வருவார். ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்கு இயந்திரம் பூட்ட வந்தவர். தம் நாட்டின் நூறு மீற்றர் ஓட்டத்தில் இரண்டு முறை முதலாவதாக வந்தவர். யூதர். யூதர்கள் வேதப் புத்தகத்தோடு முடிந்துபோனார்கள் என்று எண்ணியிருந்த கத்தோலிக்கன் நான், வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அங்கே யூதரை ஒதுக்கும் புதிய ஆட்சி வந்ததும் அவருடைய கிளப் அவரை விலக்கிவிட்டு, வெற்றிப் பலகையில் இருந்த பெயரையும் சுரண்டி எடுத்துவிட்டதாம்.

எங்கள் மைதானத்திலும் ஒரு பலகை இருந்தது. வருடாந்த நூறு யார் ஓட்டத்தில் வெல்பவரின் பெயரை அதில் எழுதுவார்கள்.

"இதுல ஒரு தரம் எம் பேரு வந்தா போதும். அப்புறம் ஓட மாட்டேன்," என்றார் அவர், தொழிற்சாலை ஆட்களிடம் கற்ற தமிழில்.

அந்தக் காலத்தில் ஓடுபவர்கள் கால் ஊன்ற, கோட்டுக்குப் பின்னால் இரண்டு சிறு குழிகள் தோண்டிக்கொள்வார்கள். போட்டியன்று அவர் எல்லோருக்கும் முன்பே சாண் வைத்து அளந்து தோண்டிவிட்டு, ஆணிச் சப்பாத்து மாட்டப் போனார். ஹந்தானைப் பக்கம் மழை கறுத்துக்கொண்டிருந்தது. ஒரு ஓட்டம் முடிந்தால் குழிகளில் மண்ணைப் போட்டு மிதிப்பது என் பழக்கம். அப்போது முந்தைய ஓட்டத்தின் குழிகளை வரிசையாக மிதித்துக்கொண்டே போனேன். கடைசி இரண்டையும் மிதித்த பிறகுதான், அவை அவருடையவை என்று உறைத்தது. தோண்டிவிடலாம் என்று குனிவதற்குள், ஓட்டத்தைத் தொடங்கிவைக்கத் துப்பாக்கியோடு வந்த துரை என்னை விலகச் சொல்லிவிட்டார்.

மற்றவர்கள் அவசரமாகத் தோண்டிக்கொண்டு குனிந்தார்கள். கடைசியாக வந்த ஜெர்மன்காரர் தம் குழிகளைக் காணாமல் கையை உயர்த்தினார். துரை என் பக்கம் திரும்பினார்.

"இவரு குழிய நீ மூடினியா?"

கோடு கோணலாகிவிட்டது என்று போன வாரம்தான் என்னோடு வேலை செய்தவனை அவர் விரட்டியிருந்தார்.

"இல்லீங்க தொரை. அங்க குழியே இல்லீங்க."

கேட்டது ஒன்று. நான் சொன்னது இரண்டு பொய். துரை வானத்தைப் பார்த்தார், மழைக்குமுன் தோண்ட நேரமில்லை என்று, குழியில்லாமல் நிற்கிற இடத்திலிருந்தே அவரை ஓடச் சொன்னார்.

வெடி கேட்டதும் ஜெர்மன்காரரின் கால் இளமண்ணில் வழுக்கியது. எல்லோருக்கும் பின்னால் போனார். பாதித் தூரத்தில் மூன்று பேரைப் பிடித்தார். ஓடுங்க, ஓடுங்க என்று உள்ளுக்குள் கத்தினேன், வெட்கம் கெட்டவன். ஒரு மார்பளவு வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தார்.

மழை விழத் தொடங்கியபோது என்னிடம் வந்தார். என் மம்பட்டியில் இருந்த ஈர மண்ணைப் பார்த்தார். அறைந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"கிளப்புல பேரச் சுரண்டுனப்ப என் கூட்டாளிங்ககிட்டக் கேட்டேன்," என்றார். "அவங்களும் பயந்துட்டாங்க. அங்க பேரே இல்லன்னு சொன்னாங்க."

அதன்பின் அவர் மைதானத்துக்கு வரவில்லை. பலகையில் வேறொருவர் பெயர் ஏறியது. என் வேலை போகவில்லை. வாரம் ஒருமுறை அந்தப் பலகையைத் துடைப்பதும் அந்த வேலையில் சேர்த்தி.