மூன்று நிமிடத்தில் ஒரு விளக்கு

பத்தாம் வகுப்பில் நகராட்சி ஆணையருக்கு நான் எழுதாத கடிதம் இல்லை. தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர் வரவில்லை, கொசுத் தொல்லை தாங்கவில்லை. எல்லாம் பரீட்சைத் தாளில்தான். அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். கடைசியில் ஒரு கட்டம் போட்டு உறைமேல் முகவரி எழுதினால் முழு மதிப்பெண். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருடமாகியும் அவனுக்குக் குனிந்த குனிவை எங்கள் வாத்தியார்கள் விடவில்லை. விளக்கு எரிந்ததா என்று ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் தெருவில் நிஜமாகவே விளக்கு எரியாமல் கிடந்தது. அதற்கு நாங்கள் யாரும் கடிதம் எழுதவில்லை.

நான் அனுப்பிய முதல் மனு டெக்சாஸில், நாற்பது வயதில்.

எங்கள் அபார்ட்மெண்டுக்கும் மகளின் மிடில் ஸ்கூலுக்கும் நடுவே ஆறு வழிச் சாலை. தூரம் குறைவு என்பதால் ஸ்கூல் பஸ் கிடையாது. காலையில் நான் விட்டுவிடுவேன். மாலையில் எனக்கு வேலை, அவள் நடந்து வருவாள். கடக்கும் இடத்தில் வெள்ளைக் கோடுகள் உண்டு, விளக்கு இல்லை. ஆறாம் வகுப்பு தொடங்கிய மூன்றாவது வாரம், பக்கத்துத் தெருவிலிருந்து திரும்பிய ஒரு பிக்கப் டிரக் அவள் கையிலிருந்த கிளாரினெட் பெட்டியைத் தட்டிவிட்டுப் போனது. பெட்டி மூன்றாவது வழியில் போய் விழுந்து நசுங்கியது. "ஐ'ம் ஃபைன், அம்மா. கிளாரினெட்தான் டெட்" என்றாள். நானும் சிரித்தேன். பிறகு வெங்காயத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவள் கை விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன்.

பட்டனை அமுக்கினால் மினுக்கும் ஒரு மஞ்சள் விளக்கு. அவ்வளவுதான் நான் கேட்டது. மனு அடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். எல்லாரும் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். பேனாவை நீட்டியதும் முகம் மாறியது.

"நீங்க பண்றது ரொம்ப கரெக்ட்ங்க. ஆனா எங்க கிரீன் கார்டு கேஸ் நடுவுல இருக்கு. அது முடியட்டும், நானே உங்ககூட வரேன்" என்றாள் இரண்டாவது மாடிக்காரி. அவள் பையனும் அதே சாலையைத்தான் கடக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால், அதே பாட்டைக் கணவர் பாடினார். "பன்னெண்டு வருஷமா வரிசைல நிக்கறோம். இப்போ போய் கவர்மென்ட் கண்ணுல படணுமா?"

"கவர்மென்ட்டையா எதிர்க்கறோம்? ஒரு லைட் கேக்கறோம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்."

"அழுத பிள்ளைய ஊருக்கே அனுப்பிட்டா?"

அவர் கோழை இல்லை. வேலை போனால் விசாவும் போய் அறுபது நாளில் மூட்டை கட்ட வேண்டும் என்ற கணக்கோடு தூங்கி எழுகிறவர். அது தெரிந்தும் அன்று அவருக்குத் தோசை வார்க்கவில்லை, நீங்களே வார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். நாற்பது வீட்டில் பதினொரு கையெழுத்து. அதில் என்னுடையதும் ஒன்று.

நகர மன்றக் கூட்டத்துக்கு மூவருமாகப் போனோம். "நான் வண்டி ஓட்டத்தான் வரேன்" என்று சொல்லிவிட்டுக் கணவர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். உயரமான மேசைக்குப் பின்னால் ஏழு பேர். எங்கள் ஓட்டால் வந்தவர்கள் அல்லர், எங்களுக்கு ஓட்டே இல்லை. பேசுகிறவர்கள் ஒரு கார்டில் பெயரும் முகவரியும் எழுதித் தர வேண்டும். ஒருவருக்கு மூன்று நிமிடம். மைக்கருகில் நேரம் காட்டச் சின்னதாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள்.

என் தாளை எடுத்தேன். மேயருக்கு வணக்கம், உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் வணக்கம். இந்த அழகான நகரத்தில் வாழக் கிடைத்ததற்கு நன்றி. பூங்காவுக்கு நன்றி, நூலகத்துக்கு நன்றி, உங்கள் பொன்னான நேரத்துக்கு நன்றி. நாங்கள் எப்போது குடிவந்தோம், பள்ளி எவ்வளவு நல்ல பள்ளி என்று ஒரு பத்தி. இரண்டாவது பக்கத்தைத் திருப்பும்போது மஞ்சள் எரிந்தது. "இந்தப் பணிவான வேண்டுகோளின் பின்னணி என்னவென்றால்" என்று ஆரம்பித்தேன். சிவப்பு எரிந்தது. மேயரம்மா புன்னகையோடு, "மிக்க நன்றி, அடுத்தவர்" என்றார்.

விளக்கு என்ற சொல் என் வாயிலிருந்து வரவே இல்லை. பத்துக்குப் பத்து வாங்கிய கடிதம். அவமானத்தில் காது சுட்டது. மகளைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு இருவர் பேசினார்கள், அவர்களின் மரம் வெட்டும் பிரச்சினை எதுவும் என் தலையில் ஏறவில்லை. மூன்றாவதாகக் கூப்பிட்ட பெயர் என் கணவருடையது. அவர் எப்போது எழுந்துபோய்க் கார்டு எழுதிக் கொடுத்தார் என்றே எனக்குத் தெரியாது. மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் பெயரையும் முகவரியையும் சொன்னார். "என் மகள் தினமும் நாலு மணிக்கு அந்தச் சாலையைக் கடக்கிறாள். ஒரு தடவை தப்பித்துவிட்டாள். ஒரு விளக்கு போடுங்கள்." வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே திரும்பி வந்து உட்கார்ந்தார். சட்டையின் முதுகுப்பக்கம் முழுக்க ஈரம்.

காரில் ஏறியதும் கேட்டார். "கூட்டத்தை வீடியோ எடுத்தாங்களே, அது ஆன்லைன்ல எவ்ளோ நாள் இருக்கும்?"

"தெரியல."

"சரி, இருக்கட்டும்" என்றார். அன்று நானே தோசை வார்த்தேன்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. என் வாழ்நாளில் மனுவுக்கு வந்த முதல் பதில் என்பதால் மூன்று முறை படித்தேன். போக்குவரத்தை ஆய்வு செய்வார்கள். பிறகு முன்னுரிமைப் பட்டியல். பிறகு நிதி ஒதுக்கீடு. ஆக, இன்னொரு வரிசை. மகள் இப்போது ஏழாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். மாதம் ஒரு கூட்டத்துக்குப் போகிறேன். மூன்று மணி ஐம்பதுக்கு ஆபீஸில் எந்த மீட்டிங்கில் இருந்தாலும் என் கால் மேசைக்கடியில் ஆடத் தொடங்கிவிடும். "ஹோம்" என்று அவளிடமிருந்து மெசேஜ் வந்தால்தான் நிற்கும்.

நேற்றுக் காலை கண்ணாடி முன் நின்று அடுத்த கூட்டத்துக்குப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் ஷூ மாட்டியபடி கேட்டாள். "அம்மா, பை த டைம் தே புட் இட், நான் ஹை ஸ்கூல்ல இருப்பேன், ரைட்?"

"அப்போ வேற பிள்ளைங்க கிராஸ் பண்ணுவாங்கடா. அவங்களுக்கு ஆகட்டும்" என்றேன். இதையே மனுவில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும்.

உண்மை அது இல்லை. வேறு பிள்ளைகளுக்காக நான் ஒரு கதவையும் தட்டியிருக்க மாட்டேன். எனக்கு அந்த விளக்கு இவளுக்காக வேண்டும், இன்று நாலு மணிக்கு வேண்டும்.